பலகையில் போட்ட பூ

எங்கள் உலைக்கூடத்தில் பொய் சொல்லாதது கசடு ஒன்றுதான். மற்ற எல்லாரும் எப்போதாவது சொல்லியிருக்கிறோம். நான் சொன்னது எது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் தர்பாரா சிங். பஞ்சாபில் கோபிந்த்கட்டில் மின்சார உலையில் இருபத்தோரு வருடம் உருக்குபவனாக இருந்தேன். பழைய இரும்பைப் போட வேண்டியது, கரைய வைக்க வேண்டியது, மேலே மிதக்கும் கசடை வழித்துப் போட்டுவிட்டு உருக்கை ஊற்ற வேண்டியது. ஒரு முறை ஊற்றினால் ஒரு ஹீட். எத்தனை ஹீட் ஆயிற்று என்று கரும்பலகையில் கோடு போடுவதும் என் வேலை.

உலை என்பது ஒரு பெரிய பானை. அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் செப்புக் குழாய். குழாய்க்கும் கொதிக்கும் இரும்புக்கும் நடுவில் இருப்பது வெள்ளை மணலை இடித்து இடித்து இறுக்கிய உள்சுவர் மட்டும்தான். ஒரு சாண் கனம்கூட இருக்காது. அதை நம்பித்தான் நாங்கள் எல்லாரும் அங்கே நின்றோம்.

அந்தச் சுவர் ஒவ்வொரு ஹீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். துருப்பிடித்த இரும்பு வந்தால் வேகமாகக் கரையும். கரைந்தது எங்கே போகும்? கசடில்தான் போய்ச் சேரும். புதுச் சுவரின் கசடு கொஞ்சமாக வரும், சாம்பல் நிறத்தில் இருக்கும், தரையில் தட்டினால் பொலபொலவென்று உதிரும். சுவர் தேயத் தேயக் கசடு கூடிக்கொண்டே போகும், கறுக்கும், பாட்டில் கண்ணாடி மாதிரி மின்னும். கம்பியைத் தூக்கினால் பாகு மாதிரி நூல் இழுக்கும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. எனக்குக் காட்டியவன் பூட்டா.

பூட்டா சிங் என் உலையில் கசடு வழிப்பவன். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன்; என்னைப் பாஜி என்பான், எங்கள் பக்கத்தில் அண்ணன் என்று அர்த்தம். இரண்டாள் உயரக் கம்பியைப் பல் குச்சி மாதிரி சுழற்றுவான். ஒவ்வொரு ஹீட்டிலும் கம்பி நுனியில் ஒட்டியதைத் தரையில் தட்டி, உடைந்த துண்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான்.

"என்னடா, வைரமா தேடுற?" என்பேன்.

"உங்க பொண்டாட்டி கேட்டாங்க பாஜி, மூக்குத்திக்கு. நீங்கதான் வாங்கித் தரலையாமே."

"ஓய், வாயைக் கிழிச்சிடுவேன். சுவரு எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

"இன்னும் நாலு ஹீட்டு தாங்கும். அஞ்சாவதுக்கு நான் லீவு."

அவன் நாலு என்றால் நாலுதான். பலகைக் கோடும் அவன் வாயும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாங்கள் ஏன் தேய்ந்த சுவரோடு ஓட்டினோம் என்று உங்களுக்குப் புரியாது. சுவர் மெலிந்தால் உலை நன்றாக வேலை செய்யும். மின்சாரம் சுளுவாகப் பிடிக்கும், இரும்பு சீக்கிரம் உருகும், பானையும் அகலமாகிவிடுவதால் சரக்கும் கூடக் கொள்ளும். இரண்டு மணி நேரம் எடுத்த ஹீட் ஒன்றரை மணியில் முடியும். மேனேஜர் சூத் அன்றைக்குத்தான் டீ வாங்கித் தருவார். சாகப்போகிற உலை மாதிரி உழைக்கிற உலை கிடையாது.

எங்கள் கூடத்தில் கணக்கு இதுதான். புதுச் சுவர் கட்டினால் இருபது ஹீட். நடுவில் தேய்ந்த இடத்தைக் கொத்தி மணல் அடித்து ஒட்டுப் போடுவோம். ஒட்டுப் போட்டாலும் மொத்தம் இருபதைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் ஒட்டு பக்கத்துக்குத்தான், அடிப்பாகம் பழசுதான். அதனால் பழைய எண்ணைப் பலகையின் மூலையில் வட்டம் போட்டு வைத்துவிட்டு, கீழே புதிதாகக் கோடு போடுவேன். புதுச் சுவர் கட்டின அன்றைக்கு மட்டும் பலகையைச் சுத்தமாகக் கழுவி, உச்சியில் சாக்பீஸால் ஒரு சாமந்திப்பூ வரைவேன். உலைக்குச் சிவப்புக் கயிறு கட்டி, எல்லாருக்கும் ஒரு கட்டி வெல்லம் கொடுப்போம். நான் ஆரம்பித்துவைத்த வழக்கம்தான் அந்தப் பூ. எழுதப் படிக்கத் தெரியாதவனும் பூவைப் பார்த்தால் புதுச் சுவர் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று போட்டேன். நல்ல எண்ணம்தான்.

பூட்டாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லை. அவன் மனைவி குர்மேல் கௌரை மேலோ என்று கூப்பிடுவோம். கோயில், குருத்வாரா, வைத்தியர், பீர் மகான் சமாதி என்று போகாத இடம் இல்லை. அந்த வருடம் மாசியில் அவளுக்கு நிறைமாதம். திங்கட்கிழமை சாயங்காலம் வலி எடுத்து, பூட்டா கம்பியைப் போட்டுவிட்டு ஓடினான். அன்று காலையில்தான் புதுச் சுவரின் ஐந்தாவது ஹீட் ஓடியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பதினான்கு ஆயிற்று. அந்த வாரம் வந்ததெல்லாம் உடைத்த கப்பலின் துருப்பிடித்த தகடு. பக்கச் சுவர் அரித்திருந்தது. உலையை நிறுத்தி ஒட்டுப் போடச் சொன்னேன். மணல் அடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"பாஜி! பொண்ணு!"

அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

"வாழ்த்துடா பூட்டா! மேலோ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. பாஜி, சீக்கிரம் வாங்க. பொண்ணு வாயில இன்னும் எதுவும் வைக்கல. நீங்கதான் சேனை வைக்கணும்னு மேலோ ஒத்தக் கால்ல நிக்கறா."

"நானா? உங்க அண்ணன் இருக்கார், மாமியார் இருக்காங்க..."

"எங்க அண்ணன் வச்சா பொண்ணு ஊரெல்லாம் கடன் வாங்கும். மாமியார் வச்சா எனக்கு இன்னொரு மாமியார் ஆயிடும். நீங்க வாங்க பாஜி. உங்களை மாதிரி நேரா இருக்கட்டும்."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டுத் தேனை யார் வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் ஆளைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். என்னை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. என் கோபம் ஊருக்கே தெரியும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெல்லம் வாங்கிவரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தேன். ஈரத்துணியை எடுத்து வந்து பலகை முழுவதையும் துடைத்தேன். மூலையில் பதினான்கு என்று எழுதி வட்டம் போட வேண்டிய இடத்தையும் சேர்த்துத்தான் துடைத்தேன். உச்சியில் பெரிதாக ஒரு பூப் போட்டேன். வழக்கமாகப் போடுவதைவிட இரண்டு வரிசை இதழ் அதிகம்.

"என்ன சர்தார்ஜி, ஒட்டுக்குப் போய்ப் பூவா?" என்று மணல் அடிக்கிறவன் ஒருவன் கேட்டான்.

"சுவருக்கு இல்லடா. பூட்டா பொண்ணுக்கு. இன்னைக்கு எல்லாம் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கட்டும்."

வந்ததும் மூலையில் எண்ணை எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் மேலோ ஒரு துணி மூட்டையை என் கையில் வைத்தாள். முகம் சிவந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உலகத்தோடு சண்டைக்கு நிற்கிற முகம். என் விரல் உலைச் சூட்டில் காய்ச்சிப் போன விரல். அதைக் கழுவி, தேனில் தொட்டு, நாக்கில் வைத்தேன். குழந்தை விரலைச் சப்பியது. நான் அங்கே எல்லார் முன்னாலும் அழுதேன்.

"பாருங்க, அழுகுணி ஆயிடப் போகுது பொண்ணு" என்றான் பூட்டா. அவன் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

திரும்பி வந்து வேலையைப் பார்த்தேன். ஏழு மணிக்குள் மூன்று ஹீட் ஓடியது, மூன்று கோடு போட்டேன். பலகையில் மூன்று, என் தலைக்குள் பதினேழு. எனக்குத் தெரியும் என்பதால் எழுதத் தோன்றவில்லை. அன்றிரவு என் அத்தை மகன் கல்யாணத்துக்குச் சம்ராலா போக வேண்டும், மறுநாள் லீவு. வழக்கமான இரவு ஆள் காய்ச்சலில் கிடந்தான். பதிலுக்கு அடுத்த கூடத்திலிருந்து அஸ்வனி என்கிறவன் வருவதாக ஏற்பாடு. அவன் வர அரை மணி இருந்தது. மனைவி மூன்று முறை போன் செய்துவிட்டாள். நான் கிளம்பிவிட்டேன். இன்னும் மூன்று ஹீட்தான், அதற்கு மேல் சுவரை உடைத்துவிடு என்று அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

அஸ்வனி வந்தான், பலகையைப் பார்த்தான், பூவைப் பார்த்தான். புதுச் சுவர், மூன்று ஹீட். நிம்மதியாக ஓட்டினான். கூட இருந்தவர்கள் ஒப்பந்தக்காரர் அனுப்பிய தினக்கூலி ஆட்கள். சுவர்க் கணக்கை யாரும் அவர்களிடம் கேட்பதும் இல்லை, அவர்கள் வாய் திறப்பதும் இல்லை. செப்புக் குழாயை உலோகம் நெருங்கினால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அது எப்போது பார்த்தாலும் எரிகிறது என்று மூன்று மாதம் முன்பே சூத் அதன் கம்பியைப் பிடுங்கப் பண்ணியிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை அஸ்வனி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை பூட்டா வேலைக்கு வந்தான். இரண்டு ராத்திரி தூங்காதவன் வந்திருக்கவே வேண்டாம். கை நிறைய லட்டோடு வந்தான். ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, பலகையில் பூவைப் பார்த்து, "இது என் பொண்ணு பிறந்த அன்னைக்குக் கட்டின சுவரா?" என்று கேட்டானாம். அஸ்வனி ஆமாம் என்றான். அவனுக்கு அப்படித்தான் தெரியும். துருத் தகடு பழைய சுவரை அதற்குள் தின்றுவிட்டது என்று பூட்டாவும் நினைத்திருப்பான். அப்போது ஒன்பது கோடு.

பத்தாவது ஹீட்டில் கசடு வழித்துவிட்டு, பூட்டா துண்டைத் தட்டி எடுத்து வாசலுக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்து இன்னொரு முறை கம்பியை விட்டான்.

"அஸ்வனி, இது சரியில்லப்பா. இவ்வளவு கசடு எங்க இருந்து வருது? நூல் இழுக்குது பாரு. இது இருபதைத் தாண்டின சுவரோட கசடு."

"துருத் தகடு போடுறோம். கறுப்பாத்தான் வரும்."

"துருன்னா தண்ணியா ஓடும். இது பிசின் மாதிரி ஓரத்துல ஒட்டுது. சீக்கிரம் வேற உருகுது. ஒண்ணே கால் மணிதான் ஆச்சு."

"அப்ப தர்பாரா பாஜிக்குப் போன் போட்டுக் கேளு."

பூட்டா போனைக் கையில் எடுத்தானாம். பிறகு பலகையைப் பார்த்தான்.

"வேண்டாம். கல்யாண வீட்ல ஆடிக்கிட்டிருப்பார், ஆடட்டும். பூப் போட்டிருக்காரே. அவர் கை பூ அது. அவர் தப்பாப் போடமாட்டார். ரெண்டு நாள் தூக்கம் இல்ல, என் கண்ணுதான் மங்கிடுச்சு."

பத்து வருடமாகத் தன் கம்பியை நம்பியவன் அன்று என் பூவை நம்பினான். பலகையில் பத்து என்று இருந்த அந்த நேரத்தில் சுவருக்கு இருபத்து நாலு. நான் சம்ராலாவில் தலைப்பாகையில் ரூபாய் நோட்டைச் செருகிக்கொண்டு டோல் மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஹீட்டில், பன்னிரண்டு மணி வாக்கில், ஓரத்தில் ஒட்டிய கசடை பூட்டா கம்பியால் இடித்துப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது சுவர் விட்டது. உலோகம் செப்புக் குழாயைத் தொட்டது, குழாய்த் தண்ணீர் உலோகத்தில் பாய்ந்தது. கூரைத் தகடு ரோட்டில் போய் விழுந்தது. அஸ்வனி கண்ணாடிக்குப் பின்னால் சுவிட்ச் அறையில் இருந்தான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உலை வாயில் நின்றது ஒருவன்தான்.

லூதியானா ஆஸ்பத்திரிக்கு நான் போகும்போது மூன்று மணி. கல்யாணத் தலைப்பாகையோடு போனேன். உடம்பு முழுவதும் துணி சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. நினைவு இருந்தது. அதுதான் கொடுமை.

"பாஜி."

"இருக்கேன்டா. பேசாத."

"பதினொண்ணுதானே? பதினொண்ணுல சுவர் போகாதே."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் பாஜி குத்திட்டேன். ஓரத்துல ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. ஓங்கி இடிச்சேன். புதுச் சுவரு, தாங்கும்னு நினைச்சு இடிச்சுட்டேன். நான்தானே?"

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். வெளியே அஸ்வனி, அவனுக்குப் பின்னால் சூத். நான் சொல்லியிருக்கலாம். நீ இல்லடா, நான், என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இவன் என்னைப் பார்க்கிற பார்வை மாறும் என்று பயந்தேன். வேலை போகும் என்றும் பயந்தேன், ஜெயிலுக்கும் பயந்தேன். எது முதலில் வந்த பயம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"தூங்குடா" என்றேன்.

மறுநாளும் போனேன். மறுநாளும் கேட்டான். "ஓங்கி இடிச்சிருக்கக் கூடாதுல்ல பாஜி?" என்றான். நான் ஈரப் பஞ்சால் அவன் உதட்டை நனைத்தேன். மூன்றாவது நாள் குரல் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அன்று பகல் இரண்டு மணிக்குப் போய்விட்டான்.

சூத் ஒரு காகிதம் தயார் செய்திருந்தார். கசடு வழிப்பவர் கவனக்குறைவாகக் கம்பியால் சுவரை இடித்ததில் சுவர் உடைந்தது என்று எழுதியிருந்தது. ஆஸ்பத்திரியில் பூட்டா தன் வாயாலேயே சொன்னதை வெளியே நின்று கேட்டிருக்கிறார்.

"மூத்த உருக்குபவர் நீங்க. ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. இன்ஸ்பெக்டர் வரார்" என்றார்.

"விளக்குக் கம்பியை யாரு பிடுங்கினது சாப்?" என்று கேட்டேன்.

"பலகையை யாரு துடைச்சது?" என்றார் அவர், மெதுவாக.

அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மணல் அடிக்கிறவன் சொல்லியிருப்பான். நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாளைக்குத் தருகிறேன் என்று வந்துவிட்டேன். ஒரு வாரம் அது பையிலேயே இருந்தது. சட்டையை மாற்றும்போது காகிதத்தையும் மாற்றி வைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் குருத்வாராவில் அவனுக்காகக் கிரந்தம் வாசித்து முடித்தார்கள். பந்தியில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்த நான் பின்னால் இரண்டு பேர் பேசியதைக் கேட்டேன். "பாவம், தன் கையாலயே தனக்குக் குழி வெட்டிக்கிட்டான்." பூட்டாவின் அண்ணனும் அதையே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஊர் முழுக்க அதுதான் செய்தி. நல்ல வேலைக்காரன், கடைசியில் கை தவறிவிட்டான்.

எல்லாரும் போன பிறகு மேலோ சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. வெள்ளைத் துப்பட்டா நெற்றியை மறைத்திருந்தது.

"பாஜி, மூணு நாளும் நீங்கதான் அவர்கூட இருந்தீங்க. என்னைப் பச்ச உடம்புன்னு உள்ள விடல. உங்ககிட்ட என்ன பேசினார்?"

"பெருசா ஒண்ணும் இல்ல."

"கம்பியால இடிச்சது அவர்தான்னு எல்லாரும் சொல்றாங்க. அவருக்குக் கை தவறாது பாஜி. எனக்குத் தெரியும். ரொட்டிய அடுப்புல இருந்து எடுக்கிறப்பகூட ஓரம் கருக விடமாட்டார். நீங்க சொல்லுங்க. அவர்தானா?"

குழந்தை அப்போது விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தைக்கு என்ன தெரியும். ஆனால் என் விரலைச் சப்பிய வாய் அது. என்னை மாதிரி இருக்கட்டும் என்று அவன் சொன்ன குழந்தை.

சொன்னேன். துடைத்ததை, பூப் போட்டதை, அஸ்வனிக்குச் சொல்லாமல் போனதை, எல்லாவற்றையும் சொன்னேன். கசடைப் பார்த்து அவன் சரியாகத்தான் சொன்னான், என் பூவைப் பார்த்துத்தான் தன் கண்ணைச் சந்தேகப்பட்டான் என்றேன்.  முடித்த பிறகு மேலோ குழந்தையின் துணியை இழுத்து மூடிவிட்டுக் கேட்டாள்.

"இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவர் கேட்டாரா?"

"கேட்டான்."

"எத்தனை தடவை?"

"மூணு நாளும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பூப் போட்டதுக்கு நான் உங்களை ஒண்ணும் சொல்லமாட்டேன் பாஜி. எங்களுக்காகத்தான் போட்டீங்க. சந்தோஷத்துல கை மறந்துடும். ஆனா அவர் கேட்டப்ப, 'நீ இல்லடா'ன்னு ரெண்டு வார்த்தை. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலியா? நான்தான் குத்திட்டேன்னு நினைச்சுக்கிட்டே போனாரா?"

நான் தரையில் கிடந்த ரொட்டித் துண்டைப் பொறுக்கினேன்.

"அந்தக் கையாலதானே என் பொண்ணுக்குச் சேனை வச்சீங்க" என்றாள். எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பலகையையும் சொன்னேன், சிவப்பு விளக்கையும் சொன்னேன். சூத்தின் காகிதத்தைக் கையெழுத்து இல்லாமல் மேஜையில் வைத்தேன். அன்றே என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். வழக்கு இழுத்துக்கொண்டு போனது. தப்பை ஒத்துக்கொண்ட உருக்குபவனை எந்த உலையும் சேர்த்துக்கொள்ளவில்லை, சேர்த்துக்கொள்ளவும் கூடாது. ஊருக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கிடங்கில் லாரி எடைபோடும் வேலை கிடைத்தது. 

நாலரை வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. எனக்கும் சூத்துக்கும் தண்டம் போட்டிருந்தார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: சுவர் உடைந்ததற்கு இறந்த தொழிலாளி பூட்டா சிங் எந்த வகையிலும் காரணம் அல்ல; அவர் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு அம்லோ பக்கம் பூட்டாவின் ஊருக்குப் பஸ் ஏறினேன். பத்தாம் நாளுக்குப் பிறகு மேலோவை நான் பார்க்கவில்லை.

அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டு ஒரு கணம் வாசலிலேயே நின்றாள். பிறகு கட்டிலைக் காட்டி, "உட்காருங்க பாஜி" என்றாள். காகிதத்தைக் கொடுத்தேன். தனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும் என்று என்னையே படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். இரண்டாவது முறை அவள் உதடும் கூடவே அசைந்தது.

"எச்சரித்திருக்கிறார்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். காகிதத்தை வாங்கி, பூட்டாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அப்போது உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. விருந்தாளிக்கு என்று எடுத்து வைத்திருந்த பீங்கான் கோப்பை. போய்ப் பார்த்தால் நடுக்கூடத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பெயர் கீரத். பூட்டாவின் நெற்றி, பூட்டாவின் புருவம். ஜன்னலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

"யாரும்மா உடைச்சது?" என்று கேட்டாள் மேலோ. அதட்டவில்லை.

பெண் தரையைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.   மேலோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது, அப்போதும் அசையாமல் காத்திருந்தாள்.

"நான்தான்" என்றது கடைசியில், மிகச் சின்னக் குரலில்.

"சரி. செருப்புப் போட்டுக்கிட்டு வெளிய போ. கால்ல குத்தும்."

பெண் ஓடிவிட்டது. மேலோ என்னைப் பார்த்து, சாதாரணமாக, அண்டை வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"பொய் சொல்லமாட்டா பாஜி. ஆனா எப்பவும் கொஞ்சம் லேட்டாத்தான் சொல்லுவா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன்.

மேலோவால் காத்திருக்க முடிந்தது, டீ மட்டும்தான் வழிந்தது. பூட்டாவும் எனக்காகக் காத்திருந்தான். மூன்று நாள் காத்திருந்தான். அது எனக்குப் போதவில்லை.